லைன் மேல் பழி போடாதீர்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டானாலும் காக்களூர் சிட்கோவானாலும், ஆலை அலுவலகத்தில் இணையம் விட்டுவிட்டு அறுந்தால் தீர்ப்பு ஒன்றுதான்: “லைன்ல பிரச்சினை.” கணக்கர் அதைச் சொல்கிறார். மேலாளர் அதை நம்புகிறார். முதலாளி அதை வைத்துச் சேவை நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சத்தம் போடுகிறார். பிறகு ரவுட்டரை அணைத்துப் போடுகிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் இன்னொரு நிறுவனத்திடம் இரண்டாவது இணைப்பு வாங்குகிறார்கள். இந்தத் தீர்ப்பு தவறானது என்பதே என் வாதம். வீண் செலவையும், குற்றமில்லாத ஒரு தொழிலாளி மேல் ஏறும் வசவையும் அது கூடவே கொண்டு வருகிறது.

ஒரு கணினிக்கும் வெளியுலகுக்கும் நடுவே என்னென்ன இருக்கின்றன என்று வரிசையாகப் பாருங்கள். கணினிக்குள் நெட்வொர்க் கார்டு. அதை ஓட்டும் டிரைவர். டிரைவரை ஆட்டிவைக்கும் விண்டோஸ். கார்டில் செருகிய பிளக். சுவரோரம் ஓடும் லேன் கேபிள். அதன் மறுமுனையில் சுவிட்ச். சுவிட்சுக்குக் கரண்ட் கொடுக்கும் சின்ன அடாப்டர். பிறகு ரவுட்டர், அதற்கும் ஓர் அடாப்டர். கடைசியில்தான் சுவரில் தொங்கும் ஓஎன்டி பெட்டியும் அதற்குள் நுழையும் ஃபைபரும். சேவை நிறுவனத்தின் பொறுப்பு அந்தக் கடைசி இடத்தில்தான் தொடங்குகிறது. முன்னால் இருப்பவை எல்லாம் நாம் வாங்கியவை, நாம் பொருத்தியவை, வருடக்கணக்கில் நாம் திரும்பிப் பார்க்காதவை. ஓடு உடைந்து கிடக்க மழையைத் திட்டுவதில் என்ன நியாயம் இருக்கிறதோ, அதே நியாயம்தான் இவற்றில் ஒன்றைக்கூடச் சோதிக்காமல் லைனைக் கைகாட்டுவதிலும் இருக்கிறது.

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு ரோலிங் மில்லின் வேபிரிட்ஜ் பக்கம் சாயங்கால நேரத்தில் போய் நிற்கட்டும். கம்பி ஏற்றிய லாரி எடை போட்டு முடித்துக் காத்திருக்கும். எளாவூரையும் ஆரம்பாக்கத்தையும் தாண்டினால் ஆந்திரம். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைக் கடக்க 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு விற்றால் 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸும் வேண்டும். நெட் இல்லாமல் இவை நகராது. விவரம் அடித்துக்கொண்டிருக்கும்போது தொடர்பு அறுந்தால் போர்ட்டல் வெளியே தள்ளிவிடும். மறுபடி உள்ளே நுழைந்து மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். டிஸ்பாட்ச் ஜன்னலில் தலையை நீட்டி, “சார், இன்னும் எவ்ளோ நேரம்?” என்று ஓட்டுநர் கேட்பார். நாள் முழுக்க நெட் இல்லை என்றால் மாற்று வழி தேடிவிடலாம். அரை நிமிடம் போய் வந்து, மறுபடி பத்து நிமிடத்தில் போகும் தொடர்புதான் வேலையைக் கொல்கிறது.

லைன்தான் குற்றவாளி என்பவர்கள் சொல்லும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வாதம்: “எல்லா கம்ப்யூட்டர்லயும் ஒரே நேரத்துல போகுது. அப்போ லைன்தானே?” இல்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான ஏதோ ஒன்று பழுது என்பதைத்தான் இது காட்டுகிறது. சுவிட்ச் எல்லோருக்கும் பொது. ரவுட்டர் பொது. அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கும் பிளக் பாயிண்ட் பொது. இந்த வட்டாரத்து அலுவலகங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. கணினிகள் எல்லாம் யுபிஎஸ்ஸில் இருக்கும். சுவிட்சின் அடாப்டர் மட்டும் மேசைக்கு அடியில் ஒரு பழைய ஜங்ஷன் பெட்டியில், நேர் கரண்டில் தொங்கும். உள்ளே ஃபர்னஸ் லோடு எடுக்கும்போதோ கிரேன் கிளம்பும்போதோ வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும். டியூப்லைட் மினுக்கும். யுபிஎஸ்ஸில் இருக்கும் கணினிக்கு அது தெரியாது. சுவிட்ச் அணைந்து மறுபடி எழும். எழுந்து, தயாராகி, பாதை திறந்துவிட அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஆகும். அதற்குள் அத்தனை பேரின் வேலையும் அறுந்துவிடும். சுவிட்சை யுபிஎஸ்ஸுக்கு மாற்றினால் தீர்ந்துபோகும் இந்தக் கோளாறுக்கு இரண்டாவது ஃபைபர் இணைப்பு வாங்கிய ஆலைகள் உண்டு. இரண்டாவது இணைப்பும் அதே சுவிட்ச் வழியாகத்தான் வந்தது, அதுவும் அறுந்தது.

இரண்டாவது வாதம்: “நாம எதுவும் செய்யல, தானாவே வந்துடுது. அப்போ வெளியிலதான் கோளாறு.” கணினிக்குள் இருக்கும் கோளாறுகளில் பல தானாகவே மீளக்கூடியவை என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் வேலையில்லாமல் இருந்தால் நெட்வொர்க் கார்டைத் தூங்கவைக்க விண்டோஸுக்கு அனுமதி உண்டு. டிவைஸ் மேனேஜரில் கார்டைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தைப் பார்த்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் ஒரு வரி டிக் அடித்த நிலையில் பெரும்பாலும் இருக்கும். கார்டுக்கும் சுவிட்சுக்கும் நடுவே இன்னொரு மின்சிக்கன ஏற்பாடு உண்டு. 2010-இல் ஈதர்நெட் தரத்தில் சேர்ந்தது அது. இரு பக்கமும் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால் இணைப்பு விழுந்து எழும். டிரைவர் தடுமாறினால் விண்டோஸே கார்டை ரீசெட் செய்து மறுபடி எழுப்பும். இவை எல்லாமே தானாகப் போய்த் தானாக வருபவை. திரும்பி வந்தது என்பதற்காக அது வெளியே போய்விட்டு வந்தது என்று ஆகாது.

சந்தேகத்துக்கு இடமில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. வெளியே லைன் அறுந்தால், கணினிக்கும் சுவிட்சுக்கும் நடுவே இருக்கும் லேன் இணைப்பு அறாது. அது அறுவதற்கு வழியே இல்லை. கேபிள் செருகியிருக்கும், பச்சை விளக்கு எரியும், இணையம் மட்டும் வராது. லேன் இணைப்பே விழுந்திருந்தால் அது விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் பதிவாகும். இன்டெல் கார்டாக இருந்தால் பல டிரைவர்கள், இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று 27 என்ற எண்ணுடன் ஒரு பதிவும், மீண்டும் வந்ததும் 32 என்ற எண்ணுடன் இன்னொரு பதிவும் எழுதுகின்றன. மணி, நிமிடம், நொடியோடு. தொடர்பு அறுந்த நேரமும் அந்தப் பதிவின் நேரமும் ஒன்றாக இருந்தால், கார்டு, டிரைவர், கேபிள், சுவிட்ச் ஆகியவற்றுக்கு வெளியே தேட வேண்டியதே இல்லை. ஒரு கணினியில் மட்டும் பதிவு இருந்தால் அந்தக் கணினியும் அதன் கேபிளும். எல்லாக் கணினியிலும் ஒரே நொடியில் இருந்தால் சுவிட்சும் அதன் கரண்டும். ஓஎன்டியிலேயே நேரடியாகச் செருகியிருந்தால் அந்தப் பெட்டியும் அதன் அடாப்டரும். எந்த நிலையிலும் தெருவில் ஓடும் ஃபைபர் இதில் வராது.

பதிவு ஒன்றுமே இல்லை என்றால் அடுத்த சோதனை. கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரை மூன்றைத் திறந்து மூன்றிலும் நிற்காமல் பிங் ஓட விடுங்கள். ஒன்று, அதே சுவிட்சில் இருக்கும் பிரிண்டருக்கு. இரண்டு, ரவுட்டருக்கு. மூன்று, வெளியே 8.8.8.8 என்ற முகவரிக்கு. தொடர்பு அறும்போது மூன்றையும் பாருங்கள். பிரிண்டருக்கே பதில் நின்றால் கோளாறு உங்கள் மேசையருகில். பிரிண்டர் பதில் தந்து ரவுட்டர் தராவிட்டால் கோளாறு ரவுட்டரிலோ அதற்குப் போகும் வயரிலோ. முதல் இரண்டும் ஓடிக்கொண்டிருக்க, மூன்றாவது மட்டும் நின்றால்தான் லைன் பக்கம் கைநீட்ட உங்களுக்கு உரிமை வருகிறது. இதற்குக் கருவி வாங்க வேண்டாம், மென்பொருள் வாங்க வேண்டாம்.

அப்போதும் ஓஎன்டியின் விளக்குகளைப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. ஃபைபரில் ஒளி வராவிட்டால் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரியும். அது எரியாமல், பிஓஎன் விளக்கு பச்சையில் நிலையாக இருந்தால் ஃபைபர் உயிரோடு இருக்கிறது. லைன் பார்க்க வரும் பையன் பொன்னேரியிலிருந்தோ பஜாரிலிருந்தோ வண்டியில் வந்து, ஃபைபர் முனையைத் துடைத்து, பவர் மீட்டரில் செருகிக் காட்டுவான்: “சார், மைனஸ் பத்தொன்பது காட்டுது. லைன்ல ஒண்ணும் இல்ல.” வழக்கமான ஃபைபர் இணைப்பில் மைனஸ் 27 வரைகூட ஓஎன்டி தாங்கும், மைனஸ் 19 என்றால் நல்ல ஒளி. அவன் சொல்வது அளந்து சொல்லும் உண்மை. அவனுக்குக் கிடைக்கும் பதில்: “அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. நெட் ஏன் கட் ஆகுதுன்னு சொல்லு.” அவன் பதில் சொல்ல வேண்டிய இடம் அந்தப் பெட்டியோடு முடிந்துவிட்டது. அதற்கு இந்தப் பக்கம் நடப்பதற்கும் அவனையே திட்டுகிறோம். ஒப்பந்தக் கூலிக்கு ஓடும் ஒரு இளைஞன் மேல் நம் மேசையடி அலட்சியத்தை ஏற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை.

2016 டிசம்பரின் ஒரே வாரத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் துலங்கும். டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. சென்னையிலும் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களிலும் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. கேபிள்கள் அறுந்து விழுந்தன. அன்று லைன் மேல் பழி போட்டவர்கள் சரியாகச் சொன்னார்கள். அதே நாட்களில் பிரிட்டனில் ஏராளமானோருக்கு இணையம் நின்றது. புயலும் இல்லை, கேபிளும் அறவில்லை. பிடி (BT) உள்ளிட்ட இணையச் சேவை நிறுவனங்களுக்குப் புகார் மேல் புகார் போனது. கடைசியில் கண்டது, விண்டோஸுக்குள் ஒரு சேவை நிலைகுலைந்து, கணினி தனக்கு வேண்டிய ஐபி முகவரியைப் பெற முடியாமல் போனது என்பதை. மைக்ரோசாஃப்ட் டிசம்பர் 13 அன்று திருத்தத்தை வெளியிட்டது. நெட் வரவில்லை என்ற ஒரே அறிகுறிக்கு இங்கே காரணம் தெருவில் இருந்தது, அங்கே காரணம் மேசை மேல் இருந்தது. அறிகுறியை மட்டும் வைத்துக் காரணத்தைச் சொல்ல முடியும் என்பவர்கள் இந்த இரண்டையும் எப்படிப் பிரித்திருப்பார்கள்?

பிரிக்க வழி இருந்தது. கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்க வேண்டியவரிடமிருந்து பதில் வராததால் கணினி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். முகவரியைக் கொடுப்பது நம் அலுவலகத்து ரவுட்டர். அந்த எண்ணைப் பார்த்த பிறகும் லைனைத் திட்டுபவர், பார்க்காமல் திட்டுபவரைவிட அதிகம் தவறு செய்கிறார். “நோ இன்டர்நெட்” என்று திரையின் மூலையில் வரும் குறியைக்கூட அப்படியே நம்ப முடியாது. 2020-இல் விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பில், தொடர்பு நன்றாக இருக்கும்போதே அது இல்லை என்று காட்டிய பிழை இருந்தது; சில செயலிகள் அந்தக் குறியை நம்பி இணையத்தில் சேர மறுத்தன.

மூன்றாவது வாதம்: “புது சிஸ்டம் சார், போன மாசம்தான் வாங்கினோம். அதுல என்ன வரப்போகுது?” புதியது என்பது பழுதில்லை என்பதற்குச் சான்றாகாது. இன்டெல்லின் ஐ225-வி என்ற 2.5 கிகாபிட் நெட்வொர்க் சிப்பில், பாக்கெட்டுகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி தரத்தின்படி இல்லாததால் சில சுவிட்சுகளோடு சேர்ந்தபோது பாக்கெட்டுகள் தொலைந்தன. 2020-இல் அது வெளியே வந்தது. சிப்பையே திருத்தி மறுபடி தயாரிக்க வேண்டியிருந்தது. அடுத்து வந்த ஐ226-வி சிப்பிலும் தொடர்பு விட்டுவிட்டு அறுவதாக 2023 வாக்கில் புகார்கள் குவிந்தன. மேலே சொன்ன மின்சிக்கன வசதியை அணைப்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட முதல் பரிகாரம். உலகின் முதல்தர நிறுவனம் செய்த புத்தம்புது சிப்புகள் இவை.

இதைவிட விசித்திரமான ஒன்றை 2013-இல் அமெரிக்காவில் கிறிஸ்டியன் கீல்ஹோஃப்னர் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். இணையவழித் தொலைபேசிச் சாதனங்கள் சில திடீர் திடீரென்று வலையிலிருந்து விழுந்தன. கரண்டையே நிறுத்திப் போட்டால்தான் மீண்டன. அவர் விடாமல் தேடினார். குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட மதிப்புள்ள ஒரு பாக்கெட் வந்து சேர்ந்தால், இன்டெல் 82574எல் என்ற சிப் அப்படியே செயலற்றுப் போகிறது என்று கண்டார். மதர்போர்டு தயாரித்தவர் சிப்பின் நினைவகத்தில் தவறான அமைப்பை எழுதியிருந்ததே காரணம் என்று இன்டெல் விளக்கியது. அவர் இடத்தில் நம்மவர் இருந்திருந்தால், அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது, லைன் கோளாறுதான் என்று எழுதி முடித்திருப்பார். அந்தச் சாதனங்கள் இன்றைக்கும் விழுந்துகொண்டிருக்கும்.

நான்காவது வாதம்தான் எல்லாவற்றிலும் ஆழமாக வேரோடியது: “ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது. அப்புறம் என்ன ஆராய்ச்சி?” ரீஸ்டார்ட் செய்யும்போது கோளாறோடு அதன் தடயமும் போய்விடுகிறது. ரவுட்டரின் பதிவேடு பெரும்பாலும் அதன் தற்காலிக நினைவில் மட்டுமே இருக்கும். கரண்டைப் பிடுங்கினால் அது காலி. கார்டு என்ன நிலையில் சிக்கியிருந்தது, ஐபி முகவரி என்னவாக இருந்தது, எந்த விளக்கு எரிந்தது எல்லாமே போயிற்று. அடுத்த முறை அறும்போது நாம் மறுபடி முதல் படியில்தான் நிற்போம். இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 8-லிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதி வந்தது. அது இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால், விண்டோஸின் கருவும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வன்தட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் காலையில் அப்படியே எழுகின்றன. தடுமாறிய டிரைவர் தடுமாற்றத்தோடே திரும்பி வருகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாகப் புதிதாக ஏறும். 2016 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் சொன்ன அறிவுரையும் இதுவே: ஷட்டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். தினமும் அணைத்துப் போடுகிறோமே என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர் வாரக்கணக்கில் ஒருமுறைகூட உண்மையாக அணைக்கவில்லை.

விட்டுவிட்டு வரும் கோளாறு கண்டுபிடிக்க முடியாதது என்ற நினைப்பையும் மறுக்க வேண்டும். அது விட்டுவிட்டு வருவதுதான் நமக்குக் கிடைக்கும் பெரிய துப்பு. எப்போது வருகிறது என்று எழுதினால் போதும். வேலையின்றி வைத்துவிட்டு வந்து தொட்டதும் அறுந்தால் மின்சிக்கனம். கடிகாரம் பார்த்ததுபோல் ஒரே இடைவெளியில் அறுந்தால் ஐபி முகவரியைப் புதுப்பிக்கும் நேரம். நாற்காலியை இழுக்கும்போது அறுந்தால் கேபிள். மழைக்குப் பின் அறுந்தால் வெளியே உள்ள இணைப்புப் பெட்டி. அப்போது லைனைச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். ஃபர்னஸ் ஏறும்போது அறுந்தால் கரண்டும் எர்த்தும்.

வேல்ஸ் நாட்டின் அபெர்ஹோசன் என்ற கிராமத்தில் ஒன்றரை ஆண்டு காலம் தினமும் காலை 7 மணிக்கு ஊர் முழுக்க பிராட்பேண்ட் விழுந்தது. லைன்தான் கோளாறு என்று நம்பி கேபிளையே பெருமளவு மாற்றினார்கள், பயனில்லை. கடைசியில் ஓபன்ரீச் என்ற நிறுவனத்தின் பொறியாளர்கள் அலைவரிசை அளக்கும் கருவியோடு விடியற்காலையில் ஊரைச் சுற்றினார்கள். சரியாக 7 மணிக்கு ஒரு வீட்டிலிருந்து மின்காந்தக் குறுக்கீடு கிளம்பியது. அந்த வீட்டுக்காரர் பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் போடும் நேரம் அது. 2020-இல் செய்தியான இந்த நிகழ்ச்சியில் கேபிளை மாற்றியவர்கள் தோற்றார்கள், கடிகாரத்தைப் பார்த்தவர்கள் வென்றார்கள். ஒரு பழைய டிவி ஒரு கிராமத்தையே வீழ்த்தும் என்றால், இரும்பை உருக்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸுகளும், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்களும், நாள் முழுக்கப் பொறி பறக்கும் வெல்டிங்கும் உள்ள கும்மிடிப்பூண்டியில் நம் சுவருக்குள் என்னென்ன நடக்கும்?

நடக்கிறது. பல ஆலைகளில் லேன் கேபிள் பவர் கேபிள் ஓடும் அதே டிரேயில், அதனோடு ஒட்டிக் கட்டப்பட்டு ஓடுகிறது. ஷெட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே செம்புக் கேபிள் போகிறது. இரு கட்டடத்தின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லை. இடி மின்னலில் போர்ட் எரிவது கண்ணுக்குத் தெரியும். பாதி எரிந்து அரைகுறையாக ஓடும் போர்ட் தெரியாது. மாதக்கணக்கில் விட்டுவிட்டு அறும். ஈதர்நெட் செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை. அதைத் தாண்டி இழுத்தவர்களும் உண்டு. கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் போட்டால் மின்னல், எர்த், குறுக்கீடு, தூரம் என்ற நான்கும் ஒருசேர ஒழியும். இரும்புத் தூசி இன்னொன்று. மில் பக்கத்து அறையில் மூடியில்லாமல் இருக்கும் சுவிட்சைத் திறந்து பாருங்கள்: கறுப்பான நுண்தூசி விசிறியில் படிந்து, காலி போர்ட்டுகளுக்குள் இறங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தோடு அது சேர்ந்தால் பிளக்கின் தொடுமுனைகள் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கேபிளையே கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு துண்டை வெட்டி, உள் கம்பி ஒன்றைப் பிளேடால் சுரண்டுங்கள். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளி போல் மினுங்கினால் அது அலுமினியம். மேலே மட்டும் செம்பு முலாம். மலிவு என்று வாங்கியது. மின்தடை அதிகம், இரண்டு முறை வளைத்தால் ஒடியும். கேமராவுக்கு அதே கேபிளில் கரண்டும் போனால் தூரத்துக் கேமரா இரவில் அணைந்து அணைந்து எரியும். கிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். ஒரு கம்பி கிரிம்பிங்கில் சரியாக உட்காராவிட்டால், 1000-இல் ஓட வேண்டிய இணைப்பு 100-க்கு இறங்கும். அல்லது இரண்டுக்கும் நடுவே தவித்து விழுந்து எழும். கிகாபிட் சுவிட்சில் செருகியும் இணைப்பின் வேகம் 100 என்று காட்டும் ஒவ்வொரு புதுக் கணினியும் தன் கேபிளைப் பற்றி நமக்குப் புகார் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு கம்பி சரியாக உட்காராததை அற்பமாக நினைக்க வேண்டாம். 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் டாலி என்ற சரக்குக் கப்பல் மின்சாரம் இழந்து பாலத்தில் மோதியது. ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். கப்பலின் மின் பலகையில் ஒரே ஒரு கம்பி, அதன் மேல் ஒட்டிய லேபிள் தடுத்ததால், இணைப்பில் முழுதாக இறங்காமல் தளர்ந்திருந்தது என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. லூஸ் காண்டாக்ட் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிக் கடக்கும் அதே கோளாறு.

லைன் ஒருபோதும் தவறாது என்று நான் சொல்லவில்லை. சாலை தோண்டும் இயந்திரம் ஃபைபரை அறுக்கிறது. கம்பத்தில் தொங்கும் கேபிளை உயரமான லாரி இழுத்துப் போகிறது. சேவை நிறுவனங்கள் ஏமாற்றுவதும் உண்டு, இழுத்தடிப்பதும் உண்டு. அவர்களுடைய சேவைத் தரத்துக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் புதிய விதிமுறை கொண்டுவந்து அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அந்த விதிகளை வைத்துக் கேள்வி கேட்க வேண்டும் என்றால் கையில் ஆதாரம் வேண்டும். “அடிக்கடி கட் ஆகுது” என்ற புகாரை அவர்கள் எளிதில் தள்ளிவிடுவார்கள். இன்ன தேதி, இன்ன நேரம், ரவுட்டர் வரை பதில் வந்தது, அதற்கு மேல் வரவில்லை, எல்ஓஎஸ் விளக்கு சிவப்பு என்று எழுதிக் கொடுத்தால் தள்ள முடியாது. லைன்தான் குற்றவாளி என்று உண்மையாகவே நம்புபவருக்குத்தான் இந்தச் சோதனை எல்லோரையும்விட அதிகம் தேவை.

“சின்ன யூனிட் சார், ஐடி ஆளெல்லாம் வெச்சுக்க முடியாது” என்பது கடைசிச் சாக்கு. இதுவரை சொன்னதில் எதற்கும் ஐடி பட்டம் தேவையில்லை. ஆலையில் ஏற்கெனவே ஓர் எலக்ட்ரீஷியன் இருக்கிறார். மோட்டார் நின்றால் அவர் மின் வாரியத்தைத் திட்டிவிட்டு உட்காருவதில்லை. ஃபியூஸ் பார்ப்பார், ரிலே பார்ப்பார், டெஸ்டர் வைப்பார், பிறகுதான் பேசுவார். அந்த ஒழுக்கம் பட்டறைக்குள் நூறு சதவீதம் இருக்கிறது. அலுவலக அறைக்குள் நுழையும்போது மட்டும் கைவிடப்படுகிறது. அந்த எலக்ட்ரீஷியனிடமே அலுவலக நெட்வொர்க்கையும் ஒப்படையுங்கள். அவருக்கு ஒரு கேபிள் டெஸ்டரும் நல்ல கிரிம்பிங் டூலும் வாங்கிக் கொடுங்கள். டிஸ்பாட்ச் மேசையில் ஒரு நோட்டு வையுங்கள்: நேரம், எந்தக் கணினி, எந்த விளக்கு, அப்போது உள்ளே என்ன ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் எழுதிய நோட்டு, ஒரு வருடத் தொலைபேசிச் சண்டையைவிட அதிகம் சொல்லும்.

தொழிற்பேட்டைச் சங்கங்கள் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். ஆளுக்கொரு கேபிள் டெஸ்டர் வாங்க முடியாவிட்டால் சங்கத்தில் ஒன்று இருக்கட்டும். பேட்டைக்குள் ஓடும் எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். ஈவென்ட் வியூவர் பார்க்கவும் மூன்று பிங் ஓட்டவும் ஒரு நாள் போதும். புதிய ஷெட் கட்டும்போது லேன் டிரேயைப் பவர் டிரேயிலிருந்து பிரித்துப் போடுவதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சுவிட்சையும் ஓஎன்டியையும் யுபிஎஸ்ஸில் போடும் வேலையை இந்த வாரமே முடியுங்கள். அதற்குச் செலவே இல்லை. இவ்வளவும் செய்த பிறகும் தொடர்பு அறுந்தால் லைனைக் குற்றம் சொல்லுங்கள். அந்தக் குற்றச்சாட்டை எந்தச் சேவை நிறுவனமும் அசட்டை செய்ய முடியாது. அதுவரை, லைன் பார்க்க வரும் அந்தப் பையனைத் திட்டும் உரிமை நம்மில் யாருக்கும் இல்லை.